அண்ணாச்சியின் முதலாம் ஆண்டு நினைவு: என்ன செய்யலாம்? எல்லாரும் சொல்லுங்கள்

கல்குளத்தான் எழுதியது:

வரும் மாதத்தோடு அண்ணாச்சி போய் ஓராண்டு நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் கூடிப் பேசினோம். மூன்று யோசனைகள் வந்தன. ஜங்ஷனில் ஒரு மார்பளவுச் சிலை. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தில் ஆண்டுதோறும் அவர் பெயரில் ஒரு விருது. இல்லையென்றால் படிப்பகத்தின் மாடியில் புதிதாகக் கட்டியிருக்கும் அரங்குக்கு அவர் பெயர். நினைவுக் கூட்டத்தையும் அந்த மாடி அரங்கில் வைக்கலாம் என்பது பேச்சு.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி என்றே எழுதுகிறேன், அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தவர். தக்கலை, குலசேகரம், பேச்சிப்பாறை தடத்தில் பல வருடம் ஓடியவர். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு என்று ஒரு வீட்டில் எல்லாரும் பஸ் ஏறுவார்கள், ஒரே ஒரு ஆள் மட்டும் ஏறவே மாட்டார். அந்த ஆள் யார் என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்வார். டூட்டி முடிந்த பிறகு அந்த வீட்டு நடையில் போய் நிற்பார். "உள்ளே ஒரு பிள்ளை இருக்காமே, நான் பாக்கலாமா?" என்றுதான் எல்லா இடத்திலும் தொடங்கியிருக்கிறது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.

மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது:

மூன்றில் எதற்கும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவர் செய்த வேலை என்ன என்பதை முதலில் எழுதி வைத்துவிடுவோம். இல்லாவிட்டால் "ஏழை எளியோருக்கு உதவிய வள்ளல்" என்று கல்லில் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் யாருக்கும் பணம் கொடுத்தவர் அல்ல. கொடுக்க அவரிடம் பென்ஷனைத் தவிர என்ன இருந்தது? அவர் பார்த்தது காகித வேலை. நம்மில் பெரும்பாலோர் செய்யச் சலித்துக்கொள்ளும் வேலை.

அந்தப் பழைய கண்டக்டர் தோல்பையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் ஸ்டாஃப் ரூம் மேசையில் பலமுறை கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பத் தாள்கள். கைநாட்டுக்கு மைப்பெட்டி. கையெழுத்துப் போட முடியாதவர்களின் விரலைத் துடைக்க ஒரு ஈரத்துணி, அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பார். இரும்பு டேப் ஒன்று. அப்புறம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் ஜெராக்ஸ், சிவப்புக் கோடுகளோடு.

அந்த ஜெராக்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றம் செய்தித்தாளில் வந்தது, போனது. எங்கள் ஊரில் இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னது அண்ணாச்சி மட்டும்தான். என் வகுப்பில் ஒரு பையன், சின்ன அடி பட்டாலும் ரத்தம் நிற்காத நோய். மூட்டுக்குள் ரத்தம் கட்டி மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டான். அவன் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். "என் பிள்ளைக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, அவனுக்கு எப்படி அட்டை தருவாங்க?" என்று கேட்டார். ஹீமோபிலியாவும் அந்த 21-ல் ஒன்று என்று சிவப்புக் கோட்டைக் காட்டினார் அண்ணாச்சி. பையன் இப்போது டிப்ளமோ படிக்கிறான்.

தேர்வு விஷயமும் அப்படித்தான். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் உண்டு, ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு என்பது தெரியாத பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால், குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று கணக்குக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். ஜூனில் கேட்டால்தான் மார்ச்சில் கிடைக்கும், பிப்ரவரியில் வந்து அழக்கூடாது என்று எங்களைப் போன்ற ஆசிரியர்களையும் விடாமல் விரட்டுவார்.

பனங்காட்டான் எழுதியது:

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. அதற்காகவே சிலை வேண்டும் என்கிறேன். நாகர்கோவிலில் ஜீவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது, மார்ஷல் நேசமணிக்கு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் சிறுவயதில் அப்பாவிடம் "இது யாரு?" என்று கேட்டேன். தேர்தலில் நிற்காத, மேடை ஏறாத ஒரு மனுசனுக்கும் ஊர் நடுவில் ஒரு இடம் கிடைக்கட்டும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள் பார்த்துக் கேட்கட்டும். சிலை வைத்தால் பகட்டு, வைக்காவிட்டால் எளிமை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். பகட்டுக்காரர்களுக்கு எல்லா ஜங்ஷனிலும் இடம் இருக்கிறது. நம் ஆளுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

முட்டத்து அலை எழுதியது:

நான் அண்ணாச்சியால் வெளியே வந்த ஆள். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீல்சேரில்தான் எல்லாம். அதனால் முதலில் ஒரு கேள்வி. நினைவுக் கூட்டம் மாடியில் என்றால் நான் எப்படி வருவது? லிஃப்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரும் தயவுசெய்து பதில் எழுத வேண்டாம். அப்படித் தூக்கப்படுவது என்ன என்று தூக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். சேலை விலகினால் இழுத்துவிடக்கூட முடியாது, இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருக்கும்.

அண்ணாச்சிக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு அரசு அலுவலகத்தில் (எது என்பது இங்கே தேவையில்லை) சாய்தளம் போட்டுவிட்டோம் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் செங்குத்து. தள்ளிவிட்டால் ஏறலாம், இறங்கும்போது முகம் குப்புற விழ வேண்டியதுதான். அண்ணாச்சி யாரிடமும் சண்டை போடவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்தார். மூன்று படி, ஒன்றரை அடி உயரம். போட்டிருந்த சாய்தளம் ஆறு அடி நீளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி, ஆகவே பதினெட்டு அடி வேண்டும். வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடம் இல்லை என்றார்கள். அவர் சாக்பீஸை வாங்கி, வாசலிலிருந்து சுவரோரமாகத் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனார். திரும்பும் இடத்தில் வீல்சேர் நின்று சுற்றுவதற்கு ஒரு சதுரம் வரைந்தார். என்னை அந்தச் சதுரத்துக்குள் நிறுத்தி ஒரு வட்டம் சுற்றச் சொன்னார். சக்கரம் கோட்டைத் தாண்டவில்லை. "இஞ்சினியர் சார், இடம் இருக்கு பாத்தேளா" என்றார். அடுத்த முறை நான் போனபோது இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பியோடு பதினெட்டு அடி இருந்தது. யாருடைய கையும் இல்லாமல் ஏறினேன்.

எனக்கு அவர் செய்ததில் பெரியது இன்னொன்று. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும், தினமும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதை ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருப்பார்கள், அந்த நேரத்தில் என் காதில் ஏறவில்லை. அண்ணாச்சி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் அம்மாவுக்கு ஒரு அலாரம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய தம்பி பனையேறி. மட்டை வழுக்கி விழுந்தபோது, ஓடி வந்தவர்கள் இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தொட்டில் மாதிரித் தூக்கி ஜீப்பில் போட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். உடைந்த முதுகை அப்படி மடக்கித் தூக்கக்கூடாது என்று அன்று யாருக்கும் தெரியாது. பிறகு கட்டிலில் கிடந்தார். பின்பக்கம் புண் வந்து, குழி விழுந்து, சீழ் உள்ளே இறங்கி இறந்துபோனார். "அவனைத் திருப்பிப் போடணும்னு ஒருத்தரும் சொல்லித் தரல்ல மக்களே. சொல்லியிருந்தா நான் ராத்திரி முழுக்க உக்காந்து திருப்பியிருப்பேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, அலாரம் அடிக்கிறதா என்று இன்னொரு முறை சோதித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சிலை வையுங்கள், வைக்காமல் போங்கள். கூட்டத்தைக் கீழே நடத்துங்கள்.

தோவாளைக்காரி எழுதியது:

அலை அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. பூ என் பொறுப்பு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கூட்டம் எங்கே நடந்தாலும் சரி, தரைமட்டத்தில் நடந்தால்தான் கொண்டு வருவேன்.

பனங்காட்டான் எழுதியது:

அக்கா, மாடி வேண்டாம், அதில் பேச்சே இல்லை. சிலையைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அந்த மரத்திலிருந்து விழும் விஷயத்தை எழுதியது நல்லது. என் மாமாவும் பனையேறிதான். அண்ணாச்சி எங்கள் பகுதியில் பனையேறிகளைக் கூட்டி வைத்து, விழுந்தவரைப் பலகையில்தான் கிடத்த வேண்டும், கழுத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், 108 வரும்வரை தண்ணீர்கூடப் புகட்டக் கூடாது என்று செய்து காட்டினார். பலகைக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டார். வீட்டுக் கதவைக் கழற்று என்றார். அன்றைக்கே ஒரு வீட்டின் கொல்லைக் கதவைக் கழற்றிக் கிடத்திக் காட்டினார். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாயா என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டும் போனார்.

மஸ்கட்டிலிருந்து திருவட்டாறுகாரன் எழுதியது:

இங்கே நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறோம், பணம் திரட்ட முடியும். அண்ணாச்சி பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, நினைவு நாளன்று வீல்சேரும் ஊன்றுகோலும் மொத்தமாக வழங்கினால் என்ன? எம்.எல்.ஏ., கலெக்டர் எல்லாரையும் அழைக்கலாம்.

பிசியோ, நாகர்கோவில் எழுதியது:

திருவட்டாறு அண்ணன் மனது நல்ல மனது. ஆனால் தொழில்முறையில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மொத்தமாக வாங்கும் வீல்சேர் எல்லாம் ஒரே அளவு. அகலம் கூடினால் ஆள் ஒருபக்கம் சாய்ந்து முதுகு வளையும். குறைந்தால் இடுப்பு உரசிப் புண் வரும். கால் பலகையின் உயரம் தவறினால் முழு பாரமும் பின்பக்கத்தில் இறங்கும். மெத்தை இல்லாத வெறும் ரெக்ஸின் இருக்கையில், உணர்ச்சி இல்லாத ஒருவரை நாள் முழுக்க உட்கார வைப்பது ஆபத்து. மேடையில் கொடுத்துப் போட்டோ எடுத்த நாற்காலிகள் எத்தனை வீடுகளில் துணி காயப்போடப் பயன்படுகின்றன என்று வீட்டுச் சிகிச்சைக்குப் போகும் எங்களைக் கேளுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வீல்சேர், இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், காலைத் தாங்கும் காலிப்பர், காதொலிக் கருவி எல்லாம் அரசே தருகிறது. விண்ணப்பிக்கத்தான் ஆள் வேண்டும். இல்லாத ஒன்று, பழுது பார்க்கும் இடம். முன்சக்கரத்தின் பேரிங் போனால் ஒரு சைக்கிள் கடைக்காரர் "இது நம்ம சோலி இல்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த ஒரு பேரிங்குக்காக ஆள் மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடப்பார். அண்ணாச்சி கடைசி இரண்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். தக்கலையில் ஒரு சைக்கிள் மெக்கானிக்கைப் பிடித்து, பாதி பேசி முடித்தும் வைத்திருந்தார்.

முட்டத்து அலை எழுதியது:

பிசியோ தம்பி சொல்வது கடற்கரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு மடங்கு உண்மை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. ஸ்போக்கில் துரு ஏறி, பிரேக் இறுகி, வாங்கிய வேகத்திலேயே போய்விடும். குளச்சலிலிருந்து நீரோடி வரைக்கும் இதே கதைதான். பழுதுபார்க்கும் இடம் ஒன்று வந்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன். வருகிறவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதே, கிரீஸ் போடு என்று சொல்லித் தரும் வேலையையும் செய்கிறேன்.

கருங்கல் அம்மா எழுதியது:

எனக்கு இப்படி எழுதிப் பழக்கம் இல்லை. என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

என் மகனுக்கு 23 வயது. அறிவுசார் குறைபாடு. என் கணவர் இறந்ததும் குடும்பச் சொத்தைப் பாகம் வைக்க வேண்டி வந்தது. மகனுடைய பங்குக்கு நான் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்றார்கள். பெற்ற தாய் நான், எனக்கு உரிமை இல்லையா என்று அண்ணாச்சியிடம் போய் அழுதேன். 18 வயது முடிந்துவிட்டால் தாயோ தகப்பனோ தானாகவே சட்டக் காப்பாளர் ஆக முடியாது என்று அவர்தான் விளக்கினார். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கலெக்டர் தலைமையில் ஒரு உள்ளூர்க் குழு உண்டு, அதில் மனு கொடுத்தால் விசாரித்துக் காப்பாளர் சான்று தருவார்கள். மன இறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம். விசாரணைக்குப் போன அன்று என் மகன் புது இடம் என்று பயந்து கத்தினான். அண்ணாச்சி அவனை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போய், பழைய டிக்கெட் கட்டு ஒன்றைக் கொடுத்துக் கிழிக்க விட்டார். ஒவ்வொன்றாகக் கிழித்து எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்தான், அழவில்லை. வரிசையில் நின்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள். சான்று கிடைத்தது. அந்தச் சட்டத்தின் கீழே நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு உண்டு, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. அதையும் அவரே போட்டுத் தந்தார்.

நான் எழுத வந்தது வேறு. போன மாதம் அந்தக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் அண்ணாச்சி நம்பருக்கே போட்டுவிட்டேன். அவர் மனைவி எடுத்தார்கள். இன்னும் தினமும் போன் வருகிறதாம். இறந்த செய்தி தெரியாமல் மேற்கே கொல்லங்கோட்டிலிருந்து, கிழக்கே ஆரல்வாய்மொழியிலிருந்து எல்லாம் கூப்பிடுகிறார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் "அவிய போயிட்டாவ" என்று சொல்லி, விஷயத்தையும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லையாம். நம்பரை நிறுத்தவும் மனசு வரவில்லையாம். சிலை யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். அந்த நோட்டை யார் வாங்கப் போகிறீர்கள்?

மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது:

அம்மா, நாளைக் காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

நான் அரசு அலுவலகத்தில் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன். இந்தப் பக்கம் அண்ணாச்சி வந்து நிற்பார். அவர் மனு எழுதும் விதத்தைப் பற்றிச் சொல்கிறேன், அடுத்து செய்பவர்களுக்கு உதவும். அரைப்பக்கத்தைத் தாண்டாது. கருணை காட்டுங்கள் என்ற சொல் இருக்காது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன வேண்டும், இணைப்பு என்ன, அவ்வளவுதான். கீழே விண்ணப்பதாரரின் கையெழுத்தோ கைநாட்டோதான் இருக்கும், அவர் பெயர் எங்கேயும் வராது. நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகரமாட்டார். முப்பது நாள் கழித்து அந்த நகலோடு வருவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, மறந்துபோயும் பார்த்ததில்லை.

விருது விஷயத்தில் ஒரு தகவல். சுதந்திர தினத்தன்று மாநில அரசு, மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்த சமூகப் பணியாளருக்கு விருது தருகிறது. அதற்கு விண்ணப்பியுங்கள் என்று நாங்கள் சிலர் வற்புறுத்தினோம். செய்த பணிக்குப் படங்கள் இணைக்க வேண்டும் என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒரு ஆள் கம்பு வாங்குறதைப் போட்டோ பிடிச்சா, அப்புறம் அந்த ஆள் ஊருக்குள்ள எப்படிப் போவாரு?" என்றார். ஆகவே அவர் பெயரில் விருது வைத்து, மேடையில் ஆளை வரிசையாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று அவசரமாகப் பேச வேண்டியது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்காரலாம். கிராம ஊராட்சியிலும் உண்டு, பேரூராட்சியிலும் உண்டு. தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டியதில்லை, விண்ணப்பித்தால் போதும். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். தெருவிளக்கு, சாக்கடை மூடி, அங்கன்வாடி வாசல்படி எல்லாம் முடிவாகும் இடம் அது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. உள்ளே உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்தால், ஒவ்வொரு சாய்தளத்துக்கும் வெளியே நின்று மனு கொடுக்க வேண்டியதில்லை. அண்ணாச்சி உயிரோடு இருந்திருந்தால் இப்போது ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார். முட்டத்து அலை போன்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முட்டத்து அலை எழுதியது:

அலுவலகத்துக்குள் போக வழி இருந்தால் நான் தயார் சார். தாளை அனுப்புங்கள்.

கல்குளத்தான் எழுதியது:

நேற்றுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்தேன். கருங்கல் அம்மா எழுதியதை வாசித்தபோது யாரும் பேசவில்லை. முடிவானவை இவை.

நினைவுக் கூட்டம் பள்ளி மைதானத்தில், பந்தல் போட்டு. மாடி இல்லை, மேடையும் இல்லை. பேசுகிறவர்கள் எல்லாரும் தரையிலேயே உட்கார்ந்து பேசுவார்கள். பந்தலுக்குள் மணலை இறுக்கிப் பலகை விரிக்க வேண்டும், வீல்சேர் புதையக் கூடாது. அதை ரப்பர் ஷெட்காரர்கள் செய்கிறோம் என்றார்கள். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறையும் தயாராகும். பேச்சு, செவித்திறன் கல்வி நிறுவனமான திருவனந்தபுரம் நிஷ்ஷில் படித்த நம் தம்பி ஒருவர் சைகை மொழியில் சொல்ல ஒப்புக்கொண்டார். காது கேளாதவர்கள் முன்வரிசையில் அவருக்கு நேரே உட்கார இடம் விடுவோம். போட்டோ எடுப்பவர்கள் அனுமதி கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

மஸ்கட்காரர்கள் அனுப்பும் பணம் தக்கலை மெக்கானிக்கிடம் பேரிங், டயர், டியூப், மெத்தை வாங்கி இருப்பு வைக்கப் போகிறது. திருவட்டாறு அண்ணனிடம் போனில் பேசினேன், உடனே சம்மதித்தார். பிசியோ தம்பி ஞாயிறுதோறும் அங்கே வந்து அளவு பார்ப்பார்.

அண்ணாச்சியின் நம்பர் இனிப் படிப்பகத்தில் இருக்கும். டீச்சர், எழுத்தர் சார், அப்புறம் மாற்றுத்திறனாளிகள் மூன்று பேர் முறை வைத்து எடுப்பார்கள். மூன்று பேரும் அண்ணாச்சியிடம் மனு எழுதக் கற்றவர்கள். அக்கா சிம்மைக் கழற்றித் தந்தார்கள். நோட்டில் இருந்த பெயர்களுக்கு இன்றைக்கே கூப்பிடத் தொடங்கியாயிற்று.

சிலையில்தான் ஒத்த கருத்து வரவில்லை. படிப்பகத்தில் படம் வைப்பது உறுதி. மற்றது பிறகு பேசலாம்.

பனங்காட்டான் எழுதியது:

படம் போதாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அடுத்த வருடமும் கேட்பேன். பந்தல் வேலைக்கு நான் வருகிறேன், பலகை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

குலசேகரம் புதியவன் எழுதியது:

இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். சம்பந்தமில்லாமல் கேட்பதாக நினைக்க வேண்டாம். என் அப்பா பலா மரத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு காலும் வரவில்லை. மூத்திரத்துக்கு டியூப் போட்டிருக்கிறது. அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை. உதவித்தொகை கிடைக்குமா? எங்கே போக வேண்டும்? அப்பாவைக் காரில் ஏற்றவே பயமாக இருக்கிறது.

மார்த்தாண்டம் டீச்சர் எழுதியது:

தம்பி, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அப்பாவின் பின்பக்கத்தையும் குதிகாலையும் இன்றைக்கே பாருங்கள். எங்காவது சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அந்த இடத்தில் பாரம் படவே கூடாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க அலாரம் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

அட்டைக்கு ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, விழுந்தபோது சேர்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் எடுத்து வையுங்கள். இணையத்தில் நாங்கள் பதிவு செய்து தருகிறோம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். பிறகு மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் எழுதும். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் உண்டு. அதற்குத் தனி மனு, அட்டை வந்ததும் போடுவோம்.

காரில் ஏற்றுவது பற்றி: நாளை மறுநாள் பிசியோ தம்பி குலசேகரம் பக்கம் வருகிறார். கட்டிலிலிருந்து காருக்குப் பலகை வைத்து நகர்த்துவது எப்படி என்று செய்து காட்டச் சொல்கிறேன். உங்கள் வீட்டு அடையாளத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். வீட்டு வாசலில் எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று அளந்து அதையும் சேர்த்து எழுதுங்கள். ரேஷன் கார்டு நகல் இரண்டு எடுத்து வைத்துவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.